உன் கோட்டை, அவர் பெயரில்

அந்தப் புத்தகம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. பசை வாசனை போகவில்லை. புதுப் புத்தகம் கையில் வந்தால் முதலில் மூக்கருகே கொண்டுபோகிறவள் நான். பேய்ப் பழக்கம் என்று நீ சிரிப்பாய். இதைக் கையால் தொடவே அருவருப்பாக இருக்கிறது. அட்டையில் நம்முடைய மன்னார்க் கோட்டை. அதன் கீழே அவருடைய பெயர், பட்டங்கள் எல்லாவற்றோடும். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் நீ.

அவரை உனக்கு மறந்திருக்காது. கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றபின் கோட்டை பார்க்க வந்தவர். சேற்றில் நின்றாலும் உடுப்பில் ஒரு பொட்டுப் படாது என்று சொல்லி, நீ அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்தாய். சரியாகத்தான் வைத்தாய். ஓடுமீன் ஓடவிட்டு உறுமீன் வரும்வரை ஒற்றைக்காலில் நின்ற கொக்குத்தான் அது.

நீ சரித்திரம், நான் புவியியல். ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. சனிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டைக்குப் போவாய். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதில் ஓரம் அடி வைத்து அளப்பாய். அகழிக்கரையில் நிற்கிற கழுதைகள் நம் இருவரையும் பார்த்துக்கொண்டு நிற்கும். முத்துக்காகவும் கடல்வழிக்காகவும் இந்த ஒரு தீவுக்கு எத்தனை பேர் அடிபட்டார்கள்! யாழ்ப்பாணத்து அரசனின் படை, போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிறகு நம் காலத்துச் சண்டை. ஆர் வென்றது என்பதை நீ இரண்டு வரியில் முடித்துவிடுவாய். உள்ளே அடைபட்டுக் கிடந்தவர்கள் எதைக் குடித்தார்கள், எதைத் தின்றார்கள் என்பதற்குத்தான் உனக்குப் பக்கங்கள் வேண்டும். சவுக்காரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் நாமே அடைபட்டுக் கிடந்து பாடம் நடத்தியவர்கள். அதனால்தான் அப்படி எழுத வந்தது. ஒருநாள் மதிலில் குந்தியிருந்து சொன்னாய்: “தண்ணி எப்ப முடியுமெண்டு உள்ளுக்கிருக்கிறவனுக்குத் தெரியும். வெளியிலை நிக்கிறவனுக்குத் தெரியாது. அதாலை அவன்தான் பொறுமையா இருக்கோணும்.”

அந்தக் காற்றுச் சண்டையையும் சொல்லத்தான் வேண்டும். மாசி மாதம் ஒல்லாந்தர் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து கோட்டையைப் பிடித்த கதையோடு புத்தகத்தை எழுதி முடித்து, கையெழுத்திலிருந்த முதல் கொப்பியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கப்பல்களைத் தள்ளிக்கொண்டு வந்ததாக எழுதியிருந்தாய். கடலுக்குப் போகிற என் அண்ணன் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி அவருக்கு மூக்கில் ஏறிவிட்டது. “டீச்சர், மாசியிலை சோளகமோ? அதுக்குக் காத்திருந்தா அவங்கள் வைகாசியிலைதான் வந்திருப்பாங்கள்.” மாசியில் வடக்கிலிருந்து வருகிற வாடைக் காற்று என்பது கடற்கரையில் நண்டுக்கும் தெரியும். நீ முருங்கன் ஊர் வயற்காரி. மாசியில் அறுவடை முடிந்து நீங்கள் நெல் தூற்றும்போது மத்தியானத்தில் தெற்கிலிருந்து ஒரு காற்று வரும். அது கரையை அண்டி வந்து பொழுதுபட அடங்கிவிடுகிற காற்று. நீயோ அதில் ஒரு கப்பற்படையையே ஏற்றிவிட்டாய். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் புதுக் கொப்பி ஒன்று வாங்கி அந்த அதிகாரம் முழுவதையும் திருத்தி எழுதத் தொடங்கினாய். எதிர்க்காற்றில் எப்படி வந்திருப்பார்கள் என்று அண்ணனிடமே குந்தியிருந்து கேட்டு எழுதினாய்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் என்னிடம் வந்தார். தட்டெழுதி, உன் பெயரிலேயே அச்சாக்கித் தருவதாகச் சொன்னார். நீ கண் மூடுமுன் அதை உன் கையில் வைக்கவேண்டும் என்ற ஆசையில், என்னிடம் இருந்த முதல் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். நீ போனாய். அவரும் இரண்டு வருடம் மூச்சுக் காட்டவில்லை. பிறகு அவர் பெயரில் புத்தக வெளியீட்டு அழைப்பிதழ் வந்தது. புத்தகத்தைப் பாராட்டிப் பேசும் நயவுரை நான்தானாம். ஒரு மேடையும் ஒரு பொன்னாடையும் தந்தால் என் வாய் அடைபட்டுவிடும் என்று நினைத்திருக்கிறார். நீ போனபின் உன் தம்பி தந்த இரண்டாம் கொப்பி ஒன்று என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. ஆனாலும் தேன் ஒழுகச் சம்மதம் சொன்னேன். மூன்று மாதம் ஒருவரிடமும் வாய் திறக்காமல் காத்திருந்தேன்.

முந்தாநாள் மண்டபம் நிறைந்த சனம். விளக்கேற்றி, முதற்பிரதி கொடுத்து, எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். பின்வரிசையில் அண்ணனும் அவருடைய கூட்டாளிகளும், நான்தான் வரச்சொல்லியிருந்தேன். ஐந்து நிமிடம் அவரை வானத்துக்குத் தூக்கினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை விரித்து ஒரு வரியை வாசித்தேன்: “மாசியில் எங்கள் வயலில் நாங்கள் நெல் தூற்றும் அதே சோளகத்தில்தான் ஒல்லாந்தரின் கப்பல்கள் வந்தன.” பின்வரிசை கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பிக் கேட்டேன். “ஐயா, நீங்கள் எந்த வயலிலை நெல் தூற்றினனீங்கள்?”

மனிதருக்கு முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. களவெடுத்தவர் உன் ‘நாங்கள்’ என்ற சொல்லைக்கூட மாற்றவில்லை. உன் இரண்டாம் கொப்பியைத் தூக்கிக் காட்டி, எழுதியவள் யார், பிழை எப்படி வந்தது, அதை எப்படித் திருத்தினாள் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். பொன்னாடையைக் கழற்றி மடித்து அவர் மடியில் வைத்துவிட்டு இறங்கினேன். எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா? ஞாயிறு பூசையில்கூட அதைப் பாவமென்று நான் மனஸ்தாபப்படப் போவதில்லை.

நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லவில்லை, தேத்தண்ணியும் கொடுக்கவில்லை. இந்த ஊரில் அதற்கு மேல் அடி கிடையாது. மறுபதிப்பில் உன் பெயரை மட்டும் போடுவதாகச் சொன்னார். அது காணாது, முருங்கனுக்குப் போய் உன் தம்பியின் முற்றத்தில் நின்று, களவெடுத்தேன் என்று வாயால் சொல்லவேண்டும் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். படலையடியில் போய் நின்று திரும்பினார்.

“அவவிட்டைக் கேட்டோ டீச்சர் அந்தக் கொப்பியை என்னட்டைத் தந்தனீங்கள்?”

போங்கோ என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன்.

கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் நீ விட்டிருக்கமாட்டாய். பிழைக் கொப்பி, ஒருவர் கண்ணிலும் காட்டாதே என்று சொல்லித்தான் அதை என்னிடம் தந்து வைத்திருந்தாய். கடைசிக் கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த முதல் கொப்பி எங்கையடி?” என்றாய். அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது என்றேன். அப்போது அது கொழும்புக்குப் போய் ஒன்பது நாள். நீ சரி என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

நீ இருந்தால் அவரையும் என்னையும் மன்னித்திருப்பாய் என்று அண்ணன் சொல்கிறார். கொக்கை நான் மன்னிக்கப் போவதில்லை. அவரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்க நான் இருந்தேன். என்னை அப்படிக் கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதான். நீயோ நான் சொன்னதை நம்பிக்கொண்டே போய்விட்டாய்.