கேட்காமல் சொன்ன சரிங்க

நல்லூர்,
திருப்பூர்.

அன்புள்ள மாமாவுக்கு,

கோமளா எழுதுவது. பாப்பா பூங்குழலிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அத்தையும் நலம். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் ஜோர்டானுக்குத் திரும்பும் முருகேஷ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்றைக்குப் போனில் நீங்கள் கேட்டது எனக்குக் கேட்கவே இல்லைங்க. பாப்பாவுக்குத் தடுப்பூசி போடச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, "சரிங்க" என்றேன். உடனே வைத்துவிட்டீர்கள். பக்கத்தில் இருந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "ஏன் கண்ணு, நான் ஊருக்கு வராமயே இருந்துக்கட்டுமான்னு அவன் கேக்கறான், நீ சரிங்கறயே" என்று அழுத பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

பாப்பா பிறந்ததிலிருந்தே எனக்கு இரண்டு காதும் மந்தம். கம்பெனியில் தையல் மிஷின் இரைச்சலில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், அங்கே நன்றாகவே கேட்கும். அதனால் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன். போன வாரம் பாப்பா காய்ச்சலோடு உள் அறையில் அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்திருக்கிறாள். நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கோயிலிலிருந்து வந்த அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் கவை போன்ற ஒரு கம்பியைத் தட்டிக் காதோரம் பிடித்தார். சரியாகக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார், கணீரென்று கேட்டது! நரம்பு நன்றாக இருக்கிறதாம். சத்தத்தை உள்ளே கடத்துகிற மூன்று குட்டி எலும்புகளில் கடைசி எலும்பு இறுகிவிட்டதாம். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு இது அதிகமாகுமாம். என் குரல் எனக்குப் பெரிதாகக் கேட்பதால்தான் நான் மெதுவாகப் பேசுகிறேனாம். நீங்கள் நினைத்ததுபோல அது கோபம் இல்லை மாமா.

காது மிஷின் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அந்த எலும்பை எடுத்துவிட்டு அதன் வேலையைச் செய்யத் துளியூண்டு பிஸ்டன் ஒன்றைப் பொருத்தலாம் என்றார். மிஷினைக் கழற்றிவிட்டுத் தூங்கும்போது பாப்பா அழுதால்? ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டேன். அதிகம் மங்கிய இடது காதுக்கு முதலில், அடுத்த மாதம். பெரும்பாலும் சரியாகிவிடுமாம். அபூர்வமாகச் சிலருக்கு அந்தக் காதில் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அத்தை வெளியே போன நேரம் பார்த்து, பாப்பாவுக்கும் வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அத்தையிடம் இதை நான் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளைக்குத் தலை சுற்றுமாம். குனியக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாது. அத்தை ஒருவரே எத்தனைதான் பார்ப்பார்? உங்கள் மேனேஜரிடம் லீவு கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லைங்க. ஆனால் கேட்டுப் பாருங்கள், மாமா.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்
கோமளா