எய்ஷினின் கோபம்

ஒனோமிச்சி
12 மே 1997

படக்கதை ஆசிரியை ஹொஷினா இட்சுகோ அவர்களுக்கு,

அங்கே மழை எப்படி, வெயில் எப்படி என்ற விசாரிப்பெல்லாம் இந்தக் கடிதத்தில் கிடையாது. எனக்குக் கோபம் வந்திருக்கிறது. அனுப்புநர் பெயரைப் பார்த்ததுமே அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் குராமொச்சி தெப்பெய். உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். உங்கள் முகவரி தெரியாததால் உங்கள் படக்கதை வருகிற பத்திரிகையின் அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

மூன்று வாரமாக என் கடைக்குப் பள்ளி மாணவிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். டயரில் பஞ்சர் இல்லை. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நேற்று பொறுக்க முடியாமல், "என்ன வேணும் உங்களுக்கு? இதென்ன மிருகக்காட்சி சாலையா?" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான். "ஐயோ, அப்படியே எய்ஷின் பேசுற மாதிரியே இருக்குடி!" என்று குதித்தார்கள். ஒருத்தி ஒரு புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். படக்கதை, நாயகன் பெயர் எய்ஷின். இடது புருவத்தில் என் தழும்பு. தலையில் நான் கட்டுகிற மாதிரியே துண்டு. எது நடந்தாலும் எதையாவது உதைக்கிற கால். மூன்றாம் வருடம் நான் உதைத்துச் சாய்த்த பள்ளி சைக்கிள் கொட்டகைகூட ஓட்டை உடைசலோடு அப்படியே இருக்கிறது. அட்டையில் உன் பெயர். ஒன்பது பாகம் போட்டிருக்கிறாயே இட்சுகோ, எனக்கு ஒரு தபால் அட்டை போட உனக்கு நேரமில்லையா?

இன்னொன்று. எனக்கு முன்மண்டையில் முடி கொட்டி நாலு வருடமாகிறது. உன் எய்ஷினுக்கோ பக்கத்துக்குப் பக்கம் முடி காற்றில் பறக்கிறது. அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறவர்கள் "பாவம்" என்று முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். இதற்கு யார் பொறுப்பு?

குராமொச்சி தெப்பெய்


தோக்கியோ, நெரிமா
20 மே 1997

அன்புள்ள தெப்பெய்,

உன் கையெழுத்து இப்போதும் காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தமாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் தடவினால் என்ன எழுதியிருக்கிறாய் என்று விரலாலேயே படித்துவிடலாம்.

மன்னித்துக்கொள். சத்தியமாகச் சொல்கிறேன், ஆறு அத்தியாயத்தோடு முடிந்துவிடும் என்றுதான் ஆரம்பித்தேன். யார் கண்ணிலும் படாது என்று நினைத்தேன். அது ஐந்து வருடம் ஓடும் என்று யார் கண்டார்கள்? அடுத்த மாதத்திலிருந்து தழும்பை எடுத்துவிடட்டுமா? சொல், எடுத்துவிடுகிறேன். முடிக்கு மட்டும் நான் ஒன்றும் செய்ய முடியாது.

உன்னை ஏன் வரைந்தேன் தெரியுமா? அந்தக் கொட்டகைதான் காரணம். அன்று காலை பையன்கள் என் வரைபட நோட்டைப் பிடுங்கி வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டுச் சிரித்தார்கள். நான் கழிவறையில் போய் அழுதேன். வெளியே வரும்போது தகரம் சரிகிற சத்தம். நீ கொட்டகையை உதைத்துக்கொண்டிருந்தாய், முகமெல்லாம் சிவந்து. யாரோ ஒருவருக்கு எனக்காகக் கோபம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். நன்றி சொல்ல அன்று தைரியம் வரவில்லை. பதினெட்டு வருடம் தாமதமாக, ஒன்பது பாகத்தில் சொல்லியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

கடை நன்றாக ஓடுகிறதா? யொஷினோ எப்படி இருக்கிறாள்? நீங்கள் கல்யாணம் செய்துகொண்ட செய்தி என் அம்மா மூலம் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

இட்சுகோ


ஒனோமிச்சி
9 ஜூன் 1997

அன்புள்ள இட்சுகோ,

பதில் எழுதவே மூன்று வாரமாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பொய் சொன்னால் உனக்கு நன்றாக இருக்கும். ஆனால் எனக்குப் பொய் எழுத வராது.

அன்று நான் உதைத்தது உனக்காக இல்லை. பேஸ்பால் அணிப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இல்லை. அவ்வளவுதான். உன் நோட்டு விஷயம் உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். நீ பிழைப்பு நடத்துகிற கதையின் அஸ்திவாரத்தையே பிடுங்குகிறேன். மன்னிக்கணும்.

தழும்பு இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது வேறு.

யொஷினோ என்னோடு இல்லை. பிரிந்து இரண்டு வருடமாகிறது. ஃபுகுயாமாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எங்கள் மகள் மிஹாருவுக்குப் பதின்மூன்று வயது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வருவாள். போன ஞாயிறு உன் கடைசிப் பாகத்தைக் கொண்டுவந்து கவிழ்ந்து படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எய்ஷின் சாப்பாட்டுப் பெட்டியைச் சுவரில் எறிகிற காட்சி. சுசுனா என்கிற அந்தப் பெண் "மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மிஹாரு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எனக்கு இந்த மாதிரி பையன்தாம்பா பிடிக்கும். இவ்ளோ கோவம் வருதுன்னா அவ்ளோ பாசம்னு அர்த்தம்."

எனக்குக் கையில் இருந்த ஸ்பானர் கனத்தது.

நானும் எறிந்திருக்கிறேன், இட்சுகோ. சூப் கிண்ணம், ரேடியோ, ஒரு தடவை மிஹாருவின் புத்தகப் பை. யார் மேலும் கை வைத்ததில்லை என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. யொஷினோ குனிந்து சில்லுகளைப் பொறுக்குவாள். மகள் சுவரோரம் நிற்பாள். அதே மகள்தான் இப்போது இப்படிச் சொல்கிறாள்.

நீ அவனை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் வரை. அந்தச் சிரிப்பை மட்டும் மாற்று.

தெப்பெய்


நெரிமா
2 ஜூலை 1997

அன்புள்ள தெப்பெய்,

கொட்டகை விஷயத்தைப் படித்து இரண்டு நாள் சிரித்தேன். என் உதவியாளர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் வலித்தது. நான்காம் நாள் வேலை வந்துவிட்டது.

உன் மற்ற விஷயத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எனக்கும் கோபம் வந்தது, அதுதான் உண்மை. இது சிரிப்புக்கதை. காகிதத்தில் உடைகிற பாத்திரத்தால் யாருக்கும் காயம் இல்லை என்று உனக்குப் பதில் எழுதி, உறை ஒட்டி, தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் சுசுனா ஒரு தடவைகூடப் பயப்பட்டதாக நான் வரையவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் நான் பயந்தேன், தெப்பெய். நன்றியும் பயமும் சேர்ந்துதான் இருந்தது. நன்றியை மட்டும் வரைந்துவிட்டேன்.

பத்திரிகை ஆசிரியர் நிஷிவாகியிடம் பேசினேன். "கோபத்தை எடுத்துட்டா எய்ஷின் வெறும் அழகான பையன். அழகான பையன் எல்லாப் பத்திரிகையிலயும் நாலு பேர் இருக்காங்க, ஹொஷினா," என்றார். வாசகர் ஓட்டில் ஒரு வருடமாக நாங்கள்தான் முதலிடம். அவர் சொல்வதும் தப்பில்லை.

நான் கோபத்தை எடுக்கப்போவதில்லை. அதற்குப் பிறகு வருவதை வரைய வேண்டும். ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியாது. சில்லுகளைப் பொறுக்கும்போது யொஷினோ என்ன நினைத்தாள்? உனக்குத் தெரியுமா? தெரியாதென்றால் போய்க் கேள். எனக்காகக் கேட்கிறேன் என்று சொல்லாதே. உனக்காகக் கேள்.

இட்சுகோ


ஒனோமிச்சி
18 ஆகஸ்ட் 1997

அன்புள்ள இட்சுகோ,

போனேன்.

ஃபுகுயாமா நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தோம். அவள் ஸ்ட்ராபெரி பாகு ஊற்றிய ஐஸ் துருவல் வாங்கினாள். நான் காபி வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இப்ப எதுக்கு இது?" என்றாள்.

"தெரிஞ்சுக்கணும்."

ரொம்ப நேரம் கரண்டியால் ஐஸைக் குத்திக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "சத்தம் நின்னதுக்கப்புறம் நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு காத்துக்கிட்டே பொறுக்குவேன். கடைசிச் சில்லு வரைக்கும் காத்திருப்பேன். நீங்க வந்து, 'சாப்பாடு இருக்கா?'ன்னு கேப்பீங்க. உங்களுக்கு அதோட முடிஞ்சிடும். எங்களுக்கு மறுநாள் வரைக்கும் இருக்கும்."

நான் அப்படிச் சாப்பாடு கேட்டது எனக்கு நினைவே இல்லை. ஒரு தடவைகூட நினைவில்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது.

மேஜையில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்து, "தப்பு பண்ணிட்டேன், யொஷினோ. அத்தனை தடவையும்," என்றேன். பக்கத்து மேஜையில் பேச்சு நின்றுவிட்டது.

"தலையைத் தூக்குங்க, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "கேட்டுக்கிட்டேன்," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. திரும்பி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் எழுந்து போகாமல் ஐஸை முழுசாகச் சாப்பிட்டு முடித்தாள். மிஹாரு இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வரலாம் என்றாள்.

உனக்கு வேண்டிய முகம் இதில் இருக்கிறதா தெரியவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்தது.

தெப்பெய்


நெரிமா
25 நவம்பர் 1997

அன்புள்ள தெப்பெய்,

அக்டோபர் இதழைப் பார்த்திருப்பாய். மூன்று பக்கம், ஒரு வார்த்தைகூட இல்லாமல். எய்ஷின் தேநீர்க் கோப்பையை எறிகிறான். சுசுனா சிரிக்கவில்லை. பொறுக்குகிறாள். கடைசிக் கட்டத்தில் அவள் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள், காத்திருக்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான். அத்தியாயம் முடிந்தது.

நிஷிவாகி அந்த மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓட்டு குறையும்," என்றார். பிறகு, "அச்சுக்கு அனுப்பறேன்," என்றார்.

குறைந்தது. முதலிடத்திலிருந்து ஆறாமிடம். "என் எய்ஷினைக் கெட்டவனாக்கிவிட்டீர்கள்" என்று நாற்பது கடிதம். நீகாத்தாவிலிருந்து ஒரு பெண் மட்டும், "எங்க வீட்டுலயும் இப்படித்தான் அமைதியா இருக்கும்" என்று ஒரே வரி எழுதியிருந்தாள். அந்த அட்டையை மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் அடுத்த அத்தியாயம் வரைய எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை! குளிர்பான இயந்திரத்துக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறான், பின்னால் கணக்கு வாத்தியார் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். உதவியாளர்கள் சிரித்ததில் மசி கொட்டிவிட்டது. இந்த மாதம் மூன்றாமிடத்துக்கு வந்திருக்கிறோம். முதலிடம் இல்லாமலும் நன்றாகத் தூக்கம் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் எனக்கு உன்னைப் பிடித்திருந்தது. ஒன்பது பாகம் படித்தவனுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. எனக்குப் பிடித்தது எனக்காகக் கோபப்பட்ட பையனை. அப்படி ஒரு பையன் அங்கே இருக்கவே இல்லை என்று நீதான் சொன்னாய். அதில் வருத்தமில்லை. இப்போது கடிதம் எழுதுகிற ஆளைத்தான் நண்பன் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது.

குளிர் ஆரம்பித்துவிட்டது. தலையில் துண்டு மட்டும் போதாது, தொப்பி போட்டுக்கொள்.

இட்சுகோ


ஒனோமிச்சி
15 பிப்ரவரி 1998

அன்புள்ள இட்சுகோ,

உன் கடிதத்தைப் படித்துக் காது சிவந்ததைக் கடைக்கு வந்த தபால்காரர்கூடக் கவனித்துக் கேட்டார். குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். நண்பன் என்று நீ எழுதியதற்கு நன்றி.

இன்று நடந்ததை உனக்கு உடனே சொல்ல வேண்டும், அதனால் மதியச் சாப்பாட்டைக்கூட அப்படியே வைத்துவிட்டு எழுதுகிறேன்.

காலையில் மிஹாருவின் துணிகளைத் துவைத்துவைக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஹிரோஷிமாவில் தோழிகளோடு போய் வாங்கிய கம்பளி ஸ்வெட்டராம். எனக்கென்ன தெரியும்? நல்ல கொதிக்கிற வெந்நீரில் போட்டேன். வெளியே எடுத்தால் பொம்மைக்குத்தான் சரியாக இருக்கும்.

அவள் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா! உங்களுக்கு மூளை இருக்கா? யார் உங்களைத் தொடச் சொன்னா? போங்க, உங்களோட பேசவே மாட்டேன்!" என்று வீடு இடிகிற மாதிரிக் கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். கீழே கடையில் மாட்டியிருந்த சக்கரங்கள் ஆடின.

இட்சுகோ, பதின்மூன்று வருடத்தில் என் மகள் என்னிடம் கோபப்பட்டது இதுதான் முதல் தடவை. இதுவரை நான் என்ன செய்தாலும் "பரவால்லப்பா" என்பாள். நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது பயம் என்று தெரியாமல்.

கதவுக்கு வெளியே நின்று, "தப்புதாம்மா. வேற வாங்கித் தர்றேன்," என்றேன்.

"அந்தக் கலர் கிடைக்காது!" என்று பதில் வந்தது.

யொஷினோவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கத்தினாளா? உங்ககிட்டயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "கதவைத் தட்டாதீங்க. அவளே வருவா," என்றாள்.

தட்டவில்லை. கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. உள்ளே பாட்டை வேண்டுமென்றே சத்தமாக வைத்திருக்கிறாள். நான் வெளியே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு சந்தோஷமாக நான் உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது.

உன் நண்பன்,
தெப்பெய்