வாயில்லாத அம்மா

என் கண்ணே,

நீ வரைந்த படக்கதைப் புத்தகம் நம் ஊர் ஸ்ஃபாக்ஸ் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. ஒரே மூச்சில் படித்தேன். அப்பாவின் கடைசி மாதங்களை வரைந்த எல்லாப் பக்கங்களிலும் எனக்கு வாயே இல்லை. பிள்ளைகள் உங்களிடம் உண்மையை மறைத்தவள் என்றுதானே?

உன் அத்தை கதூஜா ஓடி வந்தாள். "அண்ணி, நாமெல்லாம் 'அந்த நோய்'னு மட்டும் சொல்றதைப் புற்றுநோய்னு பேர் போட்டே அச்சடிச்சிருக்கா. ஊரே பேசுது. எல்லாத்தையும் வாங்கி எரிச்சிடு!"

"என் பொண்ணு வரைஞ்சதை எரிக்க நீ யாரு? உக்காந்து படி" என்று காபியை முன்னால் வைத்தேன். பாதியிலேயே அழுதாள். புத்தகத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது நீ கேள். நோய் தெரிந்த அன்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னவ பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் வயித்துப் புண்ணுன்னே சொல்லு" என்றார். அந்தச் சின்னவள் நீதான். உன் பரீட்சை முடிய நான்கு நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். அவர் மறுபடி கேட்டாலும் மறுபடி பொய் சொல்வேன். நீயும் ஒரு படத்தைக்கூட மாற்றாதே. வெள்ளிக்கிழமை வா, மீன் போட்டு கூஸ்கூஸ் செய்கிறேன். தொண்டை கிழியச் சண்டை போடுவோம்.

உன் அம்மா