உங்கள் பெயரில் ஒரு பூப்பந்தல்

என் தங்கமான அண்ணிக்கு,

தை பிறந்துவிட்டது. நம் ஊர் கலேவெலயில் மழை நின்று, மண் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. நீங்களும் நானும் வீட்டு வளவிலேயே தொடங்கிய பூக்கன்றுக் கடையை நான் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல சேதி சொல்லத்தான் ஆசை. ஆனால் சில நாட்களாகச் சோறு இறங்கவில்லை அண்ணி. அவ்வளவு அருவருப்பு.

நீங்கள் போன பிறகு வந்த முதல் மழையில், பக்கத்து வளவுக் கோழிக்கடை முதலாளி நம் கடைக்கு வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் குழி வெட்டி, கோழிக் குடலையும் இறகையும் கொட்டுகிறாரே, அதே மனுசன்தான். அந்த வளவின் முன்பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறாராம். தையில் திறப்பு விழாவாம்.

“தங்கச்சி, நல்லா மணக்கிற கொடியா பார்த்துச் சொல்லுங்க. மதில் முழுக்க ஏறணும். தைக்குள்ள பூக்கணும். வர்ற சனத்துக்கு அந்த வாடை தெரியக் கூடாது பாருங்க.”

கேட்டதும் தொழில் புத்தி தானாக ஓடியது. நமக்கு மழை ஐப்பசியில் வந்தால் தைக்குள் போய்விடும். மனோரஞ்சிதத்துக்கு அது போதாது, பூக்க வருசங்கள் எடுக்கும். சின்னப் பிச்சிக் கன்று வேர் பிடிக்கவே பாதி மழை போய்விடும். ரங்கூன் மல்லி பேய் மாதிரி ஏறும், ஆனால் பொழுது சாய்ந்தால்தான் மணக்கும். கல்யாணமோ காலையில். இதையெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்ட என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

“குழிய மூடிட்டு வாங்க, அப்புறம் கொடி பார்ப்போம்” என்றேன்.

அவர் சிரித்தார். “மூடலாம், மூடலாம். அண்ணி பேர்ல ஒரு பூப்பந்தலே போட்டுத் தாறேன். அந்த ஆத்மா சந்தோசப்படும்ல?”

உங்கள் பெயரைச் சொல்ல அந்த வாய்க்கு எப்படி வந்தது அண்ணி?

புற்றுநோய் உங்களைப் படுக்கையில் தள்ளிய மாதங்களில், உங்கள் சன்னல் அந்தக் குழியைப் பார்த்துத்தான் இருந்தது. திறந்தால் நாற்றம், அடைத்தால் புழுக்கம். “அடைச்சிரு மாலா, கொடலப் புடுங்குது” என்று சொல்லிவிட்டு வேர்வையில் கிடப்பீர்கள். மருந்து எடுத்த நாட்களில் நமக்குத் தெரியாத வாடைகூட உங்களை வாட்டியது. நான் எத்தனை தடவை அவரிடம் போய்க் கெஞ்சியிருப்பேன்? “நாளைக்கு அள்ளிர்றேன்” என்பார். நாளைக்கு இன்னும் ஒரு வாளி வந்து விழும்.

பூத்து நின்ற ஒரு பிச்சித் தொட்டியைக் கொண்டுவந்து உங்கள் சன்னலில் வைத்தேனே. நாற்றம் போகவில்லை. இரண்டும் கலந்து, அழுகலுக்கு இனிப்புத் தடவிய மாதிரி அறை முழுக்க நின்றது. “பூவும் நாறுது மாலா, எடுத்துட்டுப் போ” என்று சொல்லி வாந்தி எடுத்தீர்கள். அன்றிலிருந்து நான் தலையில் பிச்சி வைப்பதில்லை.

நான் கொடி தராவிட்டால் என்ன? கண்டிப் பக்கத்திலிருந்து தொட்டியிலேயே வளர்ந்த பிச்சிக்கொடிகளை லொறியில் இறக்கினார். மழை செய்ய வேண்டிய வேலையைக் காசு செய்தது. மதிலோரம் கம்பிப் பந்தல் எழுந்தது. அதில் உங்கள் பெயர் போட்ட பலகை. குழி அப்படியே கிடந்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று சொல்லட்டுமா? பெயர் போட அனுமதி கொடுத்தது அண்ணன். உங்கள் புருசன்.

“அக்கம்பக்கத்தோட சண்டை எதுக்கு? அவ பேரு நிக்கட்டுமேன்னு நெனச்சேன்” என்றார்.

“எதுக்கு மேல நிக்குதுன்னு பார்த்தீங்களா?”

லொறிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நீங்கள் படுத்திருந்த காலத்திலும் அண்ணன் மரக்கறி லொறியிலேயே அலைந்தார். நீங்கள் போன பிறகு அந்த அறைக்குள் கால் வைக்கவேயில்லை. நான் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

திறப்பு விழாவில் கொடி பூத்திருந்தது. வந்தவர்கள் பந்தலடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காற்று திரும்பியபோது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள், பிறகு சாப்பிடப் போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அந்த மனுசன்மேல் இருந்த வெறுப்பு ஊர்மேலேயே பரவிவிட்டது.

மறுநாள் மாலை, நான் கேட்டது உறுத்தியதோ என்னவோ, அண்ணன் உங்கள் அறைக்குள் போனார். சன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே ஓடிவந்து முற்றத்தில் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“இதுக்குள்ளயா அவ படுத்திருந்தா?”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லலியே!”

“சொன்னாங்க. நீங்க லொறிய ஸ்டார்ட் பண்ணிட்டீங்க.”

அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். பலகையை நெம்பிக் கழற்றினார். முதலாளி ஓடிவந்து, “என்னப்பா இது, மரியாதைக்குத்தானே போட்டேன்” என்றார். “என் பொஞ்சாதிக்குக் கோழிக்குடல்லயா மரியாதை?” என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். மறுநாள் இருவரும் போய்ச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறைப்பாடு கொடுத்தோம்.

அண்ணனை நான் மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை அண்ணி. சோறு போட்டுக் கொடுக்கிறேன். அவ்வளவுதான்.

நாளைக் காலையில் பரிசோதகர் குழியைப் பார்க்க வருகிறார். அதற்குள் முதலாளி மேலாக மண்ணைத் தூவி வைத்திருக்கிறார். தோண்டிக் காட்டுவதற்கு நான் நிற்பேன். மூக்கைப் பொத்த மாட்டேன். நீங்கள் பட்டதை ஒன்று விடாமல் சொல்லுவேன், அண்ணனும் பக்கத்தில் நின்று கேட்கும்படி சொல்லுவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
மாலா