காணாமல் போன கேம்ஷாஃப்ட்

ஆவணி 10, செவ்வாய்.

ஆரோக்கியம் இப்படிச் செய்வான் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்.

சாயங்காலம் அவனுடைய நாலு சக்கர ஏடிவி பைக்கை என் பட்டறைக்கு உருட்டி வந்தான். "டேப்பெட் சத்தம் வருது மாப்ள, செத்தப் பாரு. ஞாயித்துக்கெழமை ரேஸு" என்றான். டார்ச்சையும் அவனே பிடித்தான். இன்ஜின் மூடியைக் கழற்றினேன். உள்ளே வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டின் முனையில் பஞ்ச்சால் அடித்த இரண்டு புள்ளிகள். நான் அடித்தவை. அந்த அடையாளம் அவனுக்குத் தெரியாது.

அது என் ரேஸ் வண்டியின் வேகத்தைக் கூட்டக் கோயம்புத்தூரிலிருந்து பெரிய வால்வுகளோடு வரவழைத்தது. மாட்டுவதற்குள் பட்டறையிலிருந்து காணாமல் போனது. அன்று பொழுது சாயும்வரை என்னோடு தேடியவன் இவன்தான். "தொலைஞ்சத அந்தோணியார் கொண்டாந்து குடுத்துருவாருடா, மெழுகுவத்தி ஏத்திட்டு வாரேன்" என்று கோயிலுக்குப் போனவனும் இவன்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். டார்ச் ஆடவே இல்லை.

"என்ன மாப்ள, சரியா இருக்கா?"

"இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. டேப்பெட்டையும் சத்தம் வராதபடி ஒழுங்காகவே வைத்துக் கொடுத்தேன். இந்தக் கைக்குத் தப்பாக வேலை செய்யத் தெரியவில்லை.

அந்தோணியாரைக் குறை சொல்ல முடியாது. தொலைந்ததை என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.