அப்டேட் போட்டது யார்

இன்று காலை நம் காய்கறி விவசாயிகள் சங்க அறையில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. எடுத்தவன் நான். கூடியிருந்தவனும் நான்தான். கணினித் திரையின் மூலையில் பல மாதமாக மின்னிக்கொண்டிருக்கும் அப்டேட் சின்னத்தை வாழ்க்கையில் முதல்முறையாக மவுசால் அழுத்துவது என்பதே அந்த முடிவு. நம் ஊர் கவுஞ்சியில் வேறு யாருக்கும் அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் பீன்ஸ் என்ன விலை என்று கேட்டிருப்பார்கள். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தச் சின்னம் உன்னுடையது, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை என்னுடையது என்றுதானே இத்தனை காலம் இருந்தோம்.

செண்பகனூரில் அந்தப் பழைய கணினியை வாங்கியபோது, விண்டோஸை இது தாங்காது என்று கடைக்காரர் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். மூட்டைகளுக்குச் சீட்டு அச்சடிக்க அது போதும். பெயரும் எடையும் தரமும் போட்ட சீட்டு மூட்டையில் கட்டியிருந்தால்தான் ஒட்டன்சத்திரம் கமிஷன் கடையில் யாருடைய கேரட் எது என்று தெரியும். ஓர் ஆளிடம் கணினியைக் கொடுத்தால் அவர்மேல் சந்தேகம் வரும் என்று சங்கம் நம் இருவரையும் போட்டது. ஆள் இரண்டானதும் சந்தேகமும் இரண்டானது.

நான் கட்டளையைத் தட்டுவேன். வரிகள் மளமளவென்று ஓடும், படிப்பவன்போல் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ சின்னத்தை அழுத்திவிட்டு, கோடு நிரம்பும்வரை டீ குடிப்பாய். பல நாள் நான் தட்டியதும், வேறு ஏதோ ஒரு நிரல் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது, இப்போது முடியாது என்று வரும். எந்த நிரல் என்று சொல்லாது. எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. உன் டீ டம்ளர் மேசையில் இருக்கும். உன் பக்கமும் இதே கதைதான். எல்லாம் புதிதாக இருக்கிறது என்று உன் ஜன்னல் காட்டும். அடுத்த நிமிடம் என் கறுப்புத் திரை இன்னும் பாக்கி இருக்கிறது என்று பட்டியல் போடும். ஒரே மேசை, ஒரே இயந்திரம். அது உன்னிடம் ஒன்றும் என்னிடம் வேறொன்றும் சொன்னது. நாம் இருவரும் இயந்திரத்தை நம்பினோம்.

"ஏலே, அந்தக் கறுப்புத் தெரையில நீ என்ன பண்றன்னு ஒனக்கும் அதுக்கும் மட்டுந்தான் தெரியும். அதுக்காவது தெரியுமான்னு ஒரு நாள் கேட்டுப் பாரு" என்பாய்.

"ஒனக்கு அமுக்கத் தெரியும். அமுக்குனா என்ன ஆகும்னு தெரியாது" என்பேன் நான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். கேரட் அறுவடை முடியும்வரை யாரும் எந்த வழியிலும் அப்டேட் போடக்கூடாது. கைகுலுக்கினோம். குலுக்கிய கையோடு நீ என்னைப் பார்த்த பார்வையும் நான் உன்னைப் பார்த்த பார்வையும் ஒரே மாதிரி இருந்தன.

அறுவடையின் உச்சத்தில் ஒரு சாயங்காலம் இடி இடித்தது. மலையில் எல்லோரும் செய்வதையே நாமும் செய்தோம்: ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினோம். விடிந்து கணினியைப் போட்டால் பிரிண்டர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அப்டேட் பாதியில் அறுந்து கிடக்கிறது என்று திரை சொன்னது. லாரி வாசலில் நின்றது. பேனாவால் எழுதிக் கட்டினோம். தூறலில் மை கரைந்து போனது. ஒட்டன்சத்திரத்தில் முதல்தரக் கேரட்டையும் பிளந்த கேரட்டையும் ஒரே குவியலாகக் கொட்டி ஏலம் விட்டார்கள்.

அப்டேட் போட்டது யார் என்று ஊர் கேட்டது. நான் இல்லை என்றாய். நான் இல்லை என்றேன். சங்கத் தலைவர் யோசித்துவிட்டு, நம் ஊர் வழக்கப்படி முனியாண்டி சாமி முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். லினக்ஸ் அப்டேட்டுக்காக முனியாண்டியைத் தொந்தரவு செய்தது அதுதான் முதல் முறையாக இருக்கும். நீ அணைத்தாய். நான் அணைத்தேன். பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு வருஷத்துக்குள் கேடு வரும் என்பதால், யார் என்று தெரிந்துகொள்ள ஊர் காத்திருக்கத் தொடங்கியது.

நாமும் காத்திருந்தோம். உன் உடம்பை நானும் என் உடம்பை நீயும் அவ்வளவு அக்கறையாக அதற்குமுன் கவனித்ததில்லை. நீ இருமினால் நான் திரும்பினேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு வேளையும் வந்து பார்த்தாய். கஞ்சி கொண்டுவந்தாய். கஞ்சியை நான் உடனே குடிக்கவில்லை. செண்பகனூர்க் கடைக்காரர் வந்து லினக்ஸில் புதிய பதிப்பைப் போட்டு பிரிண்டரைச் சரிசெய்தார். அதன்பிறகு நாம் இருவருமே அப்டேட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஐப்பசி மழையில் உனக்கு நெஞ்சு வலித்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. துஷ்டி கேட்க ஊரே உன் வீட்டுக்கு வந்தது. டீக்கடையில் ஒருவர், "என்னமோ, சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்றார். மற்றவர்கள் டீயைக் குடித்தார்கள். நானும் குடித்தேன்.

இன்று காலை உன் சின்னத்தை அழுத்தினேன். வேறொரு நிரல் வேலை செய்துகொண்டிருக்கிறது, காத்திருக்கவும் என்றது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், கறுப்புத் திரையை நான் திறக்கவே இல்லை. ஒரு கணம் உன்னைச் சந்தேகப்பட்டேன். இறந்தபிறகும் விடமாட்டேன் என்கிறானே என்று நினைத்தேன். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையைத் தட்டினேன். பூட்டு இருக்கிறது என்பதோடு அது யார் கையில் என்பதையும் புதிய பதிப்பு சொல்கிறது. இயந்திரம் தனக்குத்தானே அப்டேட் போட்டுக்கொள்ள ஒரு நிரல் வைத்திருக்கிறது. யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், பின்னால் ஓடும். பிறந்ததிலிருந்தே அதற்கு அந்தப் பழக்கம் என்று கடைக்காரர் போனில் சொன்னார். அன்று இடி இடித்த நேரத்திலும் அது பாதி வேலையில் இருந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கியது நாம் இருவரும் சேர்ந்து.

உன் பெயரைச் சரிசெய்ய முதலில் தலைவரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப மிசினுதான் பண்ணுச்சுங்கிறீங்க."

ஆமாம் என்றேன்.

"இருக்கலாங்க. ஆனா கற்பூரத்த அணைச்சது மிசினு இல்லையே. நீங்க ரெண்டு பேருதானே. அதுல ஒருத்தர்தானே இப்ப இல்ல."

அங்கிருந்து உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி, அதுதான் உன் மனைவி, வாசலில் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தது. பூட்டு, நிரல், பிளக் எல்லாவற்றையும் விளக்கினேன். கையை நிறுத்தாமல் கேட்டது.

"அது எனக்கு அப்பவே தெரியும்ண்ணே. கோயில்லருந்து வந்தன்னைக்கே சொன்னாரு, அவனும் பொய் சொல்லலன்னு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா, இவன் எதுக்கு இப்ப இதச் சொல்றான்னு யோசிப்பீங்களாம்."

அந்த நேரத்திலும் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்னை நம்பினாய் என்பது உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த கடைசிச் செய்தி. மத்தியானத்திலிருந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். உள்நோக்கம் எதுவும் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்தவும் முடியவில்லை. இனி உனக்குப் பதிலாக நான் வைத்துக்கொள்ள வேண்டியது அந்தச் செய்தியைத்தான் என்று நினைக்கிறேன். நீ கொண்டுவந்த கஞ்சியையும் சேர்த்து.

சாயங்காலம் சங்க லாரி கிளம்பியது. உன் வீட்டு மூட்டைகள் அதில் இல்லை. டீக்கடைப் பேச்சு உன் வீடுவரை போயிருக்கும்; நீ இறந்த மாதத்திலிருந்து அவை பக்கத்து ஊரான பூம்பாறை வண்டியில் போகின்றன.