குட்டிகளிடம் போகாத முயல்

நவம்பர் 4, செவ்வாய்

புஜ்ஜி நான்கு குட்டி போட்டிருக்கிறது. இரண்டும் பொட்டைதான் என்று சத்தியம் செய்து, திருப்பதியில் ஒரு கடைக்காரன் என் வீட்டுக்காரர் சாய்குமார் தலையில் கட்டிய முயல் ஜோடி. ஆணை வேறு கூண்டில் போட்டாயிற்று. குட்டிகள் மயிரே இல்லாமல் சுண்டுவிரல் நீளம். தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி, கூண்டிலிருந்த பெட்டிக்குள் மெத்தை போட்டிருக்கிறது புஜ்ஜி.

நவம்பர் 5, புதன்

ஷிஃப்ட் முடிந்து வடமாலபேட்டையில் இறங்கி, வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"காலையிலேர்ந்து அது குட்டிங்க கிட்டயே போவல நளினி. மூலையில குந்திக்கினு புல்லு துன்னுது." பிறகு என்னை ஒரு பார்வை. "பெத்துட்டா போதும்னு ஆயிடுச்சி."

முயலைச் சொன்னாராம். ஹர்ஷினிக்கு ஏழு மாதம். நான் ஸ்ரீசிட்டி கம்பெனி வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இந்த மாதத்தோடு விட்டுவிடு என்று அத்தை தினமும் சொல்கிறார். இவர் "பார்க்கலாம்" என்கிறார். என்னத்தைப் பார்ப்பது? என் பக்கம் ஒரு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா?

நவம்பர் 6, வியாழன்

ஒரு குட்டி செத்துவிட்டது.

அத்தை சொட்டு மருந்து விடும் ஃபில்லரில் பசும்பால் புகட்டியிருக்கிறார். மூக்கு வழியாக நுரை தள்ளியிருக்கிறது. கூண்டிலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தையும் காணோம். "முயலுக்குத் தண்ணி வெச்சா செத்துப்பூடும்" என்கிறார். பால் கொடுக்கிற உயிர் — தொண்டை காய்ந்து கிடக்கிறது.

கத்திவிட்டேன். யாரைக் கேட்டுப் புகட்டினீங்க?

"அதோட ஆத்தா எங்க போச்சின்னு கேளு மொதல்ல."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

நவம்பர் 7, வெள்ளி

கம்பெனி கேன்டீனிலிருந்து கால்நடை டாக்டர் நாகையாவுக்கு போன் செய்தேன். தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். தாய் முயல் நாளுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்குமாம். மற்ற நேரம் தள்ளியே இருக்குமாம். பக்கத்திலேயே கிடந்தால் நாயும் பாம்பும் மோப்பம் பிடித்து வந்துவிடும். வயிறு உருண்டையாக இருந்தால் பசியில்லை. தண்ணீர் எந்நேரமும் வேண்டும். காய்ந்த புல்தான் சாப்பாடு. கேரட் ஒரு துண்டு போதும்.

வீட்டில் சொன்னேன். "போன்லயே பார்த்துட்டாரா அந்த டாக்டரு?" என்றார் அத்தை.

இன்னும் மூன்று இருக்கின்றன. நாளை நான் கிளம்பியதும் மறுபடி ஃபில்லரை எடுப்பார். எடுக்காமல் இருக்க மாட்டார். ஒளித்து வைக்கலாமா? சீ, என்ன பிழைப்பு இது.

"உன் வேலை விஷயம் ஞாயித்துக்கெழமை பேசி முடிச்சிடலாம்" என்றார் இவர். வேலை என்னுடையது, முடிவு அவர்களுடையது.

நவம்பர் 8, சனி

விடிவதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கண்ணில் பட்டது. புஜ்ஜி பெட்டிக்குள் தாவி, குட்டிகளுக்கு மேல் அசையாமல் நின்றது. அடியில் மூன்றும் மல்லாந்து, காலை உதைத்துக் குடித்துக்கொண்டிருந்தன.

அத்தையை எழுப்பினேன்.

"இன்னா?"

"வாங்க. சத்தம் போடாதீங்க."

ஹர்ஷினியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம்தான். புஜ்ஜி இறங்கிப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது. ஒரு குட்டியை எடுத்து அத்தை கையில் வைத்தேன். வயிறு எலுமிச்சம்பழம் மாதிரி திரண்டிருந்தது.

"அப்போ நான் குடுத்தது..." என்று நிறுத்திவிட்டார். அவர் கண் கலங்கி இன்றுதான் பார்க்கிறேன். எனக்கும் அழுகை வந்தது. ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

யாரும் வேலைப் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

மூன்றும் கண் திறந்துவிட்டன.

காலையில் கிளம்பும்போது, பால் வாங்கப் போன எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்கா வாசலில் நின்று அத்தையிடம் கேட்டார். "கொழந்தைய வுட்டுட்டு உன் மருமவ இன்னும் வேலைக்குப் போய்க்கினுதான் இருக்காளா?"

நான் நிமிரவில்லை. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

"போறா" என்றார் அத்தை. "பஸ்ஸுக்கு நேரமாவுது, வழி வுடு."